ப்ளஸ் ஒன் பிள்ளைக்கு ஆன்லைன் கோர்ஸ்: பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எது எடுபடும், எப்படித் தேடுவது

தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் ஆன்லைன் சர்டிபிகேட்டுக்கு ஒரு மார்க்கும் கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடும் கட் ஆஃப்தான் அங்கே பேசும். எம்பிபிஎஸ்ஸுக்கு நீட், என்ஐடிக்கு ஜேஇஇ மெயின், ஐஐடிக்கு அட்வான்ஸ்டு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட். இந்த வரிசைகளில் மட்டுமே நிற்கப்போகிற பிள்ளை ஹார்வர்டு கோர்ஸையே முடித்து, சர்டிபிகேட்டை லேமினேட் போட்டு நீட்டினாலும் அதை வாங்கிப் பார்க்க அங்கே ஆள் இல்லை. 'காலேஜ் சீட்டுக்கு உதவும்' என்று சொல்லி விற்கிற கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் மதுரைப் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

சர்டிபிகேட்டுக்குப் பின்னால் இருக்கும் வேலையை உட்கார்ந்து படிக்கிற இடங்கள் வேறு. அசோகா, க்ரேயா, அசிம் பிரேம்ஜி போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் நேர்காணல் வைக்கின்றன. பாடப்புத்தகத்துக்கு வெளியே என்ன படித்தாய் என்ற கேள்வி அங்கே சாதாரணம். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கென்று 10 கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. பிரிட்டனுக்கு 'யூகாஸ்' வழியாக விண்ணப்பிக்கும்போது 4,000 எழுத்துக்குள் தன்னிலை அறிக்கை எழுத வேண்டும். 2026-ல் சேர்கிறவர்களிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது: இந்தப் பாடம் ஏன், இதுவரையான படிப்பு உன்னை எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். ஆன்லைன் கோர்ஸ் போய் உட்கார வேண்டிய இடம் இந்த மூன்றாவது கேள்விதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகமும் 'ஏஐஎஃப்' என்ற தனிப் படிவத்தில் இதையே கேட்கிறது.

ஆகவே கோர்ஸைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் ஆறேழு கல்லூரிகளின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றின் அட்மிஷன் பக்கத்தையும் திறந்து கட்டுரை, செயல்பாட்டுப் பட்டியல், நேர்காணல் இந்த மூன்றில் ஏதாவது கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் கணக்கு தீர்ந்தது. அந்த நேரத்தைப் ப்ளஸ் டூ கணிதத்துக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். பிடித்ததைப் படிப்பதற்காகப் படிப்பது வேறு விஷயம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

பாடத்திட்டத்திலிருந்து பின்னோக்கித் தேடுங்கள்

கூகுளில் 'மாணவர்களுக்கான சிறந்த ஆன்லைன் கோர்ஸ்' என்று அடித்தால் முதல் திரை முழுக்க விளம்பரம்தான். தலைகீழாகப் போங்கள். பிள்ளை சேர விரும்பும் துறையின் முதலாண்டுப் பாடத்திட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே இருக்கும். பொருளாதாரம் என்றால் முதலாண்டில் நுண்பொருளியல், புள்ளியியல், கணிதம் என்று வரும். அதில் பள்ளிப் புத்தகம் தொடாத ஒரு தலைப்பை எடுத்து, அந்தப் பெயரைக் கொண்டு தேடினால் குறி தப்பாது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் துறைகளும் கல்லூரிகளும் விண்ணப்பிக்கும் முன் படிக்க வேண்டியவை என்று பட்டியலே போட்டு வைத்திருக்கின்றன. அதை இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளலாம்.

பல தளங்களின் கோர்ஸ்களை ஒரே இடத்தில் ஒப்பிட 'கிளாஸ் சென்ட்ரல்' என்ற தளம் இருக்கிறது. கண்ணில் பட்டதில் சேர்ந்துவிடாமல், முதலில் மதிப்பெண் போடப்படும் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ பார்த்ததும் சர்டிபிகேட் தருகிற கோர்ஸ் எடுபடாது. அடுத்து மூன்றாவது வாரத்துப் பாடத்தைத் திறந்து பாருங்கள். முதல் வாரம் எல்லாக் கோர்ஸிலும் எளிதுதான், மூன்றாவது வாரத்தில்தான் அது பிள்ளைக்குத் தகுமா என்று தெரியும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்களோ அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொற்பொழிவை நிறுத்தி நிறுத்திக் கேட்கிற தமிழ்வழி மாணவருக்கு அந்தக் கூடுதல் நேரம் கட்டாயம் வேண்டும். வேகத்தை 0.75-க்குக் குறைத்து சப்டைட்டிலோடு பார்த்தால் இரண்டாவது வாரத்திலிருந்து காது பழகிவிடும்.

என்பிடெல்: செலவு குறைவு, மதிப்பு அதிகம்

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய ஆன்லைன் கோர்ஸ் திட்டம் என்பிடெல். பெரும்பாலும் கல்லூரி மாணவர்களுக்கான கோர்ஸ்கள்தான் என்றாலும் பள்ளி மாணவர் சேர்வதற்குத் தடை இல்லை. 4, 8, 12 வாரம் என்று மூன்று அளவில் வருகின்றன. சேர்வது இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். தேர்வு மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். இந்தச் சர்டிபிகேட்டுக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணமே அதுதான், ஏனென்றால் யார் எழுதினார்கள் என்ற சந்தேகம் எழாது.

மதிப்பெண் கணக்கு: வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 எடுத்தால் சர்டிபிகேட். 60-ஐத் தொட்டால் அதில் 'எலீட்' என்று வரும், 75-க்கு வெள்ளி, 90-க்குத் தங்கம். வெறும் 40 வாங்கிய சர்டிபிகேட்டை விண்ணப்பத்தில் போடாமல் விடுவதே நல்லது. மதிப்பெண் அதிலேயே அச்சாகி இருக்கும்.

பலரும் தவறுகிற இடங்கள் இரண்டு. சேர்ந்ததும் தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வது ஒன்று. தேர்வுப் பதிவு தனி, அதற்கு முடிவுத் தேதியும் தனி. கோர்ஸ் தொடங்கி இரண்டாவது மூன்றாவது வாரத்திலேயே அதைப் பார்த்து முடித்துவிடுங்கள். இன்னொன்று, பருவத்தைப் பார்க்காமல் சேர்வது. ஜனவரியில் தொடங்கும் பருவத்தின் தேர்வுகள் மார்ச், ஏப்ரலில் வரும். ப்ளஸ் டூ பொதுத்தேர்வும் மார்ச்சில்தான். ப்ளஸ் ஒன்னில் ஜூலைப் பருவத்தில் சேர்வதுதான் சரியான இடம். நடுவே செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு குறுக்கிடும், ஆனால் 12 வாரக் கோர்ஸில் சிறந்த 8 அசைன்மென்ட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். காலாண்டின்போது இரண்டு வாரம் விட்டுப்போனாலும் சேதமில்லை. 4 வாரக் கோர்ஸில் இந்தச் சலுகை சிறியது: நான்கில் மூன்று. அசைன்மென்ட் நேரம் முடிந்தபின் சமர்ப்பிக்க வழியில்லை என்பதால் கடைசி நாள் ராத்திரி கரண்ட் போனால் யாரையும் குறைசொல்ல முடியாது. முந்தின நாளே அனுப்பிவிடுவது நல்லது.

ஐஐடி மெட்ராஸிடம் பள்ளி மாணவர்களுக்கென்றே 'ஸ்கூல் கனெக்ட்' என்ற திட்டமும் உண்டு. டேட்டா சயன்ஸும் ஏஐயும், எலக்ட்ரானிக்ஸ் போன்ற தலைப்புகளில் சில வாரக் கோர்ஸ்கள். பள்ளி பதிவு செய்தால்தான் மாணவர் சேர முடியும். ஆகவே ஹெட்மாஸ்டரிடம் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், நாலு பிள்ளைகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

அதே ஐஐடியின் டேட்டா சயன்ஸ் பிஎஸ் படிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். விண்ணப்பத்துக்குத் துணையாக வரும் கோர்ஸ் இல்லை அது, முழுப் பட்டப்படிப்பு. ஜேஇஇ வேண்டாம். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை ஆகிய நான்கு பாடங்களை நான்கு வாரம் படித்து, நேரில் போய்த் தகுதித் தேர்வு எழுத வேண்டும். ப்ளஸ் ஒன் இறுதித் தேர்வு எழுதியவர்களே இந்தச் சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். ப்ளஸ் டூ முடித்தபின் சேர்ந்துகொள்ளலாம்.

சிஎஸ்50: எங்கே பிள்ளைகள் விழுகிறார்கள்

கணினி அறிவியல் படிக்க நினைக்கிறவர்களுக்கு ஹார்வர்டின் அறிமுகக் கோர்ஸான சிஎஸ்50எக்ஸைத் தாண்டி வேறொன்றைச் சொல்லத் தோன்றவில்லை. ஸ்க்ராட்சில் தொடங்கி சி, பைதான், எஸ்க்யூஎல் என்று போகும். நிரலை பிரவுசருக்குள்ளேயே எழுதலாம், விலை உயர்ந்த லேப்டாப் தேவையில்லை. மொபைலில் மட்டும் செய்ய முயல்வது வீண். எட்எக்ஸ் என்ற கோர்ஸ் தளம் வழியாகப் பணம் கட்டி வாங்கும் சர்டிபிகேட் ஒன்று, சிஎஸ்50 தானே இலவசமாகத் தருவது ஒன்று. இலவசமே போதும். ஒவ்வொரு வேலையிலும் 70 சதவீதம் எடுத்து, கடைசியில் சொந்தமாக ஒரு புராஜெக்ட் செய்து, அதை விளக்கி 3 நிமிடத்துக்கு மிகாத வீடியோ போட வேண்டும்.

ஸ்க்ராட்ச் வாரம் விளையாட்டு. சி மொழி வந்ததும் மூச்சு வாங்கும், ஆனால் அதைக் கடந்துவிடுவார்கள். நினைவகம், தரவுக் கட்டமைப்பு என்று வருகிற 4, 5-ஆம் வாரங்களில்தான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள். நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் பாயின்டரைப் படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், எழுதினால் ஓடாது. இந்த இரண்டு வாரங்களுக்கும் இரட்டிப்பு நாள் ஒதுக்கிவிடுங்கள். பெட்டி படம் வரைந்து, எந்தப் பெட்டி எதைச் சுட்டுகிறது என்று பேப்பரில் அம்புக்குறி போட்டபின் கீபோர்டைத் தொடச் சொல்லுங்கள். சாட்ஜிபிடி மாதிரியானவற்றிடம் விடை வாங்குவது இங்கே விதிமீறல், கோர்ஸ் தருகிற சொந்த உதவிக் கருவிக்கு மட்டும் அனுமதி உண்டு. விதியை விடுங்கள், நேர்காணலில் 'உன் புராஜெக்டில் இந்த வரி எதற்கு' என்று கேட்டால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

மற்ற துறைகளுக்குச் சுருக்கமாக: அரசியல், தத்துவம், சட்டம் பக்கம் போகிறவர்களுக்கு ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் 'ஜஸ்டிஸ்' எட்எக்ஸில் இருக்கிறது. செயற்கை அறிவை நிரலெழுதாமல் புரிந்துகொள்ள ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் 'எலிமென்ட்ஸ் ஆஃப் ஏஐ', முழுக்க இலவசம். கணிதத்துக்கு ஸ்டான்ஃபோர்டின் 'மேதமேட்டிக்கல் திங்கிங்' கோர்ஸெரா என்ற தளத்தில் கிடைக்கும். எம்ஐடியின் ஓபன்கோர்ஸ்வேரில் சர்டிபிகேட் கிடையாது, ஆனால் கேள்வித்தாளும் விடையும் கிடைக்கும். தனக்குத்தானே தேர்வு வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது பொக்கிஷம்.

முடித்த பிறகுதான் வேலையே

'ஐந்து ஆன்லைன் கோர்ஸ் முடித்தேன்' என்ற வரியைப் படிக்கிறவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. ஒரு கோர்ஸ் எடுத்து, கற்றதைக் கொண்டு சொந்த ஊரில் எதையாவது செய்துபார்த்திருந்தால் நின்று படிப்பார். மதுரையில் அதற்குக் குறைவே இல்லை. வைகை அணையின் நீர்மட்டம் தினமும் வெளியாகிறது, முழு நீர்மட்டம் 71 அடி. கீழடி அருங்காட்சியகம் அரை மணிப் பயணம். அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம்.

ஒன்றை மட்டும் முழுதாகப் பார்ப்போம். புள்ளியியல் கோர்ஸ் முடித்த ஒரு மாணவி மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையின் மல்லி விலையை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் தேதி, மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், அன்று முகூர்த்தமா இல்லையா என்று ஆறு பத்தி. முகூர்த்த நாளைத் தினசரிக் காலண்டரிலிருந்து முன்கூட்டியே நிரப்பிவிடலாம். விலையை ஒரே வியாபாரியிடம், ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். அதிகாலை விலை வேறு, மதிய விலை வேறு. இரண்டையும் கலந்தால் அட்டவணையே குப்பை. போக முடியாத நாளுக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், முந்தின நாள் விலையைப் போட்டு நிரப்பக் கூடாது. கணக்குப் போடும்போது சராசரியை மட்டும் எடுத்தால் இரண்டு பெரிய முகூர்த்த நாள் மொத்தத்தையும் மேலே இழுத்துவிடும், ஆகவே விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலை ஏறுவது முகூர்த்தத்தன்றா, அதற்கு முந்தின நாளா? மாலை கட்டுகிறவர்கள் முந்தின நாளே வாங்குவார்கள் என்பது சந்தையில் எல்லோருக்கும் தெரியும், அட்டவணையில் அது தெரிகிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மார்கழிக் குளிரில் வரத்துக் குறைந்து விலை ஏறினால், அதையும் முகூர்த்தத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பது அடுத்த பாடம். மார்கழியில் முகூர்த்தமே இல்லை என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதும் எளிது.

இதை இரண்டு பக்கத்தில் எழுதி, ஒரு வரைபடம் சேர்த்து வைத்தால் காமன் ஆப்பின் 150 எழுத்துக்குள் சொல்ல விஷயம் இருக்கும்: 90 நாள், நான்கு பூ, என்ன கேள்வி, என்ன விடை. கோர்ஸின் பெயர் அதே வரியில் ஓரமாக வந்தால் போதும்.

எந்த மாதம் எதற்கு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும் வரை உள்ள இடைவெளிதான் பொன்னான காலம். நீளமான கோர்ஸை அப்போது தொடங்குங்கள். ப்ளஸ் ஒன் ஜூலையில் என்பிடெல். ப்ளஸ் ஒன் முடிந்த கோடையில், சித்திரைத் திருவிழா முடிந்து கள்ளழகர் தன் மலைக்குத் திரும்பியபின் பள்ளி திறக்க மூன்று நான்கு வாரம் இருக்கும். அப்போது புராஜெக்டை எழுதி முடிக்கலாம். ப்ளஸ் டூவில் புதுக் கோர்ஸ் எதுவும் வேண்டாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கு யூகாஸ் கடைசி நாள் அக்டோபர் நடுவில் வருகிறது. அமெரிக்காவின் முன்கூட்டிய சுற்றுகள் பெரும்பாலும் நவம்பர் 1-ல், வழக்கமானவை ஜனவரி தொடக்கத்தில். நடுவில் டிசம்பர் அரையாண்டுத் தேர்வு. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைக் காலாண்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், அதோடு அந்த இரண்டு பக்கப் புராஜெக்டையும் கையில் கொடுங்கள். கடிதத்தில் எழுத அவருக்கும் விஷயம் வேண்டுமே.

வீட்டில் சத்தம் என்றால் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்காரலாம். தினம் 1.5 ஜிபி பேக்கை நம்பியிருக்கிறவர்கள் வீடியோவின் தரத்தை 360பி-க்குக் குறைத்து, மிச்சமிருக்கும் டேட்டாவில் இரவே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளட்டும். எழுத்துதான் கரும்பலகையில் முக்கியம், பேராசிரியரின் முகம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை.

பணம்

எட்எக்ஸில் பல கோர்ஸ்களை 'ஆடிட்' என்ற வழியில் இலவசமாகப் படிக்கலாம், ஆனால் அதற்குக் கால வரம்பு உண்டு, மதிப்பெண் போடும் வேலைகள் பூட்டியிருக்கும். கோர்ஸெராவில் இப்போது பல கோர்ஸ்களின் முதல் பகுதியைத்தான் காசில்லாமல் பார்க்க முடிகிறது. நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம், முடிவு தெரிய இரண்டு வாரம் ஆகும். ஏன் தேவை, முடித்து என்ன செய்வாய் என்று கேட்பார்கள். குடும்ப வருமானத்தை உள்ளபடி எழுதி, சேர விரும்பும் படிப்பின் பெயரையும் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தளத்துக்குப் பணம் கட்டும்போது கார்டு நிராகரிக்கப்பட்டால் பதற வேண்டாம், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டால் சரியாகும். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். ஏழு நாள் இலவசம் என்று கார்டு எண்ணை வாங்குகிறவர்களிடம் ஆறாம் நாளே ரத்து செய்யாவிட்டால் எட்டாம் நாள் பணம் போயிருக்கும்.

'உங்கள் மகள் தேர்வாகியிருக்கிறாள்' என்று அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தின் பெயரோடு வரும் கோடைக்காலக் கடிதங்களில் பல, கட்டணம் கட்டினால் யாரும் போகக்கூடிய முகாம்கள். லட்சக்கணக்கில் செலவாகும், அட்மிஷனில் அதற்குப் பெரிய எடை இல்லை. உள்ளூரில் போன் போட்டு, டெமோ காட்டி, இன்றைக்கே சேர்ந்தால் பாதி விலை என்று ஈஎம்ஐ படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் ஒரு கேள்வி போதும்: இது கட்டணமா, என் பெயரில் எடுக்கும் கடனா? கடன் என்றால், பிள்ளை கோர்ஸை விட்டாலும் தவணை விடாது.

பெயர், இனிஷியல்

கடைசியில் இடறுவது இங்கேதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா செல்வராஜ், கோர்ஸ் தளத்தில் கவி எஸ் என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. முதல் கோர்ஸில் சேரும் முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டில் இருக்கும்படி, எழுத்துக்கூட்டல் உட்பட. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இனிஷியலை விரித்து எழுதுவது எப்படி என்று முதலில் அதற்கு விண்ணப்பிக்கும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். என்பிடெல் தேர்வுக்கு அசல் அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும், அதிலும் பதிவிலும் பெயர் பொருந்த வேண்டும். பள்ளி கொடுத்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்காதீர்கள். ப்ளஸ் டூ முடிந்ததும் அது மூடப்பட்டால் சர்டிபிகேட்டும் அதோடு போய்விடும். பிடிஎஃப்பை இறக்கி வைப்பதோடு, சரிபார்க்கும் இணைப்பையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.